கட்டைத் தலைப் பிள்ளைகள்

என் ஆசைச் சின்னம்மாவுக்கு,

இன்றைக்கு வவுனியா பஸ்ஸில் ஒரு மனிசி என் தலையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்து எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார். முடி இப்போது கழுத்துவரை வளர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் பார்க்கிறார்கள். இதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தேன். நீங்கள் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த டவுனில் தலை அலங்காரக் கடைகளின் கண்ணாடியில் கட்டை முடிப் பெண்களின் படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். கொம்பசில் பட்டம் படிக்கும் பிள்ளைகள் காசு கொடுத்து அப்படி வெட்டிக்கொண்டு சிரித்தபடி போகிறார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வன்னியிலிருந்து வந்த தலை எது என்று சனத்துக்கு எப்படித்தான் தெரிகிறதோ?

சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா செத்தபிறகு என்னை உங்களோடு கிளிநொச்சிக்குக் கூட்டிப் போனீர்கள். வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடியும் கதிரையும் போட்டு, கலியாணப் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்தும் வேலை தொடங்கினீர்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவில் வந்த பிள்ளைகள் காதளவு வெட்டிய தலையோடு வந்து இறங்க, எங்கள் பிள்ளைகளுக்கும் ஆசை பிடித்தது. தாய்மார் விடவில்லை.

"உதென்ன கோலம்? இயக்கப் பிள்ளையெண்டெல்லோ சனம் நினைக்கும்!"

வாசலில் நின்று சண்டை பிடிப்பார்கள். நீங்கள் நுனியை மட்டும் நறுக்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் சமாளித்து அனுப்புவீர்கள்.

அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. முன்னர் இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டித் திரிந்த போராளிப் பிள்ளைகளில் பலர் அப்போது ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒருநாள் ஒருத்தி சீருடையோடு வந்து உங்கள் கதிரையில் இருந்தாள். வெட்டுவதற்கு அவள் தலையில் ஒன்றுமேயில்லை.

"என்ன தங்கச்சி செய்யவேணும்?" என்று கேட்டீர்கள்.

"ஒண்டும் வேண்டாமக்கா. கண்ணாடியில ஒருக்கால் பாத்திட்டுப் போக வந்தனான்."

பார்த்தாள். போய்விட்டாள். அன்று பின்னேரம் முழுவதும் நீங்கள் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வரவேண்டும் என்றார்கள். உங்கள் வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். பங்கர் குழிக்குள் ஒளித்து வைத்தீர்கள். கண்டுபிடித்து இழுத்துப் போனார்கள். அங்கே முதல் நாளே என் தலையை வெட்டினார்கள். "உப்பிடி வெட்டினால் ஓடினாலும் கண்டுபிடிக்கலாம்" என்று வெட்டியவளே சொன்னாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதுக்குடியிருப்பில் ஷெல் விழுந்து எங்கள் அணி சிதறியபோது ஓடினேன். சனத்துக்குள் சனமாக உங்களைத் தேடி, மாத்தளனில் ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ் கண்டேன். நீங்கள் அழவில்லை. என் தலையைத் தடவி, "வளரும்" என்றீர்கள், அவ்வளவுதான். உங்கள் பழைய சேலையைக் கிழித்து என் தலையில் சுற்றினீர்கள். அந்தக் கோலத்தில்தான் நாங்கள் ஆமியின் பக்கம் வந்து சேர்ந்தோம்.

எங்களை அடைத்த முகாமில் ஒலிபெருக்கி சொன்னது: ஒரு நாள் மட்டும் இயக்கத்தில் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும். பதியப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பிறகு ஆமிக்காரர் கூடாரம் கூடாரமாக வந்து கட்டைத் தலைப் பிள்ளைகளைப் பார்த்துப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

தண்ணீர் பவுசர் வண்டிக்காகச் சனம் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். குளிப்பில்லை. எல்லார் தலையிலும் பேன். ஒரு காலை நீங்கள் கூடாரத்துக்கு வெளியே வந்து இருந்து, இடுப்பளவு கூந்தலை உங்கள் கையாலேயே வெட்டினீர்கள். "பேன் தின்னுது. தண்ணியும் இல்லை. ஆருக்கெல்லாம் வெட்டவேணும், வாங்கோ" என்று உரத்துக் கூப்பிட்டீர்கள். முதலில் வயதானவர்கள் வந்தார்கள். பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள். ஏன் கூப்பிடுகிறீர்கள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அத்தனை கட்டைத் தலைகளுக்குள் என் தலையும் மறைந்தது.

பக்கத்துக் கூடாரத்துப் பூமணி மாமியின் மகள் வதனி கடைசியாக வந்தாள். அவள் ஒரு நாளும் இயக்கத்தில் இருந்ததில்லை. இயக்கம் பிடிக்காமல் தாய் அவளை மண்ணுக்குள் புதைத்த தகரப் பீப்பாவுக்குள் மாதக்கணக்காக ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருந்தார். "நீ வேண்டாம் பிள்ளை" என்று நீங்களே மறித்தீர்கள்.

"வெட்டுங்கோ மாமி. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தானே நல்லது" என்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வெட்டினீர்கள்.

அடுத்த முறை வந்தவர்கள் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் அவர்களோடு நடந்து வந்தான். என்னைக் கடந்தான். வதனிக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினான், சின்னம்மா? யாரையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றிருந்ததோ?

நீங்கள் ஓடிப்போய் அவர்களின் காலைப் பிடித்தீர்கள். "ஐயா, அது நான் வெட்டினது! என்ர கையால வெட்டினனான்! என்ர தலையைப் பாருங்கோ, எல்லாற்ற தலையையும் பாருங்கோ!" உங்களைத் தள்ளிவிட்டு வாகனம் போனது. அது போகமுன் நான் முன்னுக்குப் போகக் காலெடுத்தபோது என் கையை நோக இறுக்கிப் பிடித்தீர்கள். "நீ போனால் அவளை விடாங்கள். ரெண்டு பேரும் போவியள்" என்றீர்கள். அது சரிதானா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பூமணி மாமி எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "உன்ர பிள்ளையைக் காப்பாத்த என்ர பிள்ளையைக் குடுத்திட்டியோ?" அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கத் தொடங்கினீர்கள். காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்; கூட வர என்னை விடவில்லை. நீங்கள் முடிந்துபோன செய்தி ஆள் மாறி ஆள் மாறித்தான் என்னிடம் வந்தது. உங்கள் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை.

பிறகு என்னை முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். இப்போது அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனான பெரியப்பா வீட்டில் இருக்கிறேன். போன கிழமை பூமணி மாமி என்னைத் தேடி அங்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"வதனியைக் கண்டிட்டன். தடுப்பு முகாமில இருக்கிறாள். உயிரோட இருக்கிறாள் பிள்ளை. கம்பிக்கு அங்கால நிண்டு கதைச்சவள்."

அவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

"முதல் உன்ர சின்னம்மாவைத்தான் கேட்டவள். மாமி சுகமோ, இன்னும் அழுறாவோ எண்டு. தான் கேட்டுத்தானே வெட்டினது, அவாவை ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவள்." பூமணி மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "சுகமாயிருக்கிறா எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். நான் அவாவைக் கேட்ட கேள்வி உனக்குத் தெரியும்தானே. எப்பிடிச் சொல்லுவன், அவா இல்லையெண்டு? நீ ஒருக்கால் வாறியோ?"

பெரியப்பா உள்ளேயிருந்து, "அந்தப் பக்கம் போகாதை, உன்னையும் விசாரிப்பாங்கள்" என்றார். எனக்காக அவர் படும் பயம் பொய்யில்லை.

ஆனாலும் நான் மாமிக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன், சின்னம்மா. அடுத்த முறை அவரோடு போவேன். என்ன விசாரித்தாலும் நின்று பதில் சொல்வேன். நீங்கள் இல்லை என்பதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று என் வாயாலேயே அவளுக்குச் சொல்வேன். அவள் அழுது முடியும்வரை அங்கேயே நிற்பேன். அவள் வெளியே வரும் நாள்வரை பூமணி மாமியை ஒருநாளும் தனியே அந்த வாசலுக்குப் போக விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் சத்தியம்.

பெறாமலே நீங்கள் பெற்ற மகள்,
சாந்தி