மழை நாளில் மட்டும் திக்காத வைஃபை

பெரெய்ரா, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அன்யேலாவுக்கு அம்மா எழுதுவது. நான் நோய்நொடி இல்லாமல் இருக்கிறேன், நாயும் இருக்கிறது. நீ மாட்ரிட் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத்து, பிழையிருந்தால் சிரித்துக்கொள்.

வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் போன் கால் எடுக்கும் என் வேலை போகப் பார்த்தது. ஆறு வாரமாக, வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே கணினியில் குரல் திக்கும், நாலைந்து வினாடி செத்துக் கிடக்கும், திரும்ப வரும். எங்கள் மேற்பார்வையாளர் லெய்டி, "யோர்லாடிஸ், இன்னும் மூணு கால் அறுந்துச்சுன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாதுடி" என்று சொல்லிவிட்டாள். முப்பத்துநாலு வயதில், கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாதவளுக்கு வேறு எவன் நாற்காலி போட்டு வேலை கொடுப்பான். எதிர்வீட்டு டுவான் வந்து ரவுட்டரை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி ஜன்னலோரம் வைத்தான், அதன் சேனலை மாற்றினான், மைக்ரோவேவ் வைஃபையைக் கெடுக்கும், தொடாதே என்றான். ஒரு வாரம் ஆறிப்போன அரெப்பா சோள ரொட்டி தின்றதுதான் மிச்சம். கடைசியில் நானே கணினியின் கறுப்புத் திரையில், நெட் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று காட்டும் பிங்கை ஓடவிட்டு நோட்டில் நேரம் குறித்தேன். இருபது, இருபத்திரண்டு என்று ஓடுகிற எண் திடீரென்று இரண்டாயிரத்துக்கு எகிறும். எல்லாம் மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில்தான், ஐந்தாறு தடவை. ஞாயிறு கிடையாது, மழை பெய்த நாளும் கிடையாது. "மழையில நெட்டு மோசமாத்தானேக்கா ஆகும்? உன் ரவுட்டருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க போல" என்று டுவான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நனைந்துவிடுவோம் என்று ஒதுங்குகிற ஆள் யாரோ வெளியே இருக்கிறான் என்று பட்டது. மறுநாள் திக்கியதும் ரவுட்டரில் யார் யார் போன் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். கணினி, என் போன், அதற்குக் கீழே வெய்மார்.

உங்கப்பன்தான். அவன் பையைத் தெருவில் தூக்கி எறிந்து ஏழு மாதமாகிறது, அவன் போன் மட்டும் நம் வீட்டை மறக்கவில்லை. இடைவேளைப் பொத்தானை அமுக்கிவிட்டு இறங்கி ஓடினேன். மூடிக் கிடக்கும் மருந்துக்கடைப் படியில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். "என் பிழைப்புல மண்ணைப் போடவா வந்த?" என்று கத்தினேன். "கத்தாத யோலி. இப்போ தெருமுனைப் பட்டறையிலதான் வேலை, அங்க சிக்னல் இல்ல. பாப்பாவுக்கு வீடியோ அனுப்புறேன், ஒத்த டிக்கோட நின்னுடுது. இந்தத் தெருவுலயே உன் வைஃபைதான் நல்லா இருக்கு" என்றான். போகவில்லை என்று அழித்து அழித்துத் திரும்ப அனுப்பியிருக்கிறான். அதில்தான் என் கால் அறுந்திருக்கிறது. நாலைந்தைப் போட்டுக் காட்டினான். பிரித்துப் போட்ட என்ஜினைக் காட்டுகிறான், மதியம் என்ன சாப்பிட்டான் என்று சொல்கிறான். நீ கிளம்ப இருந்தபோது குடித்துவிட்டு உன் பாஸ்போர்ட்டைக் கிழித்ததற்கு மன்னிப்பு எதிலுமே இல்லை, நான் தேடிப் பார்த்தேன். ஆனால் அவனிடம் சாராய வாடையும் இல்லை.

ஒரு தட்டுத் தட்டி அவன் போனை ரவுட்டரிலிருந்து விலக்கியிருக்கலாம். விலக்கினால் வேறு எவன் வீட்டுச் சுவரோரமோ போய் அதே மாதிரி போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. "நெட்டுல கோளாறு இல்ல வெய்மார், அவ உன்னை ப்ளாக் பண்ணிட்டா, பாஸ்போர்ட்டைக் கிழிச்ச அன்னைக்கே" என்று சொல்லிவிட்டேன். கையை இறக்கினான். "அப்போ பொறந்தநாளைக்கு அனுப்பினதும் போகலையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். போனைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டான்.

பத்து நாளாக ஒரு கால்கூட அறுபடவில்லை, வேலை தப்பித்தது. லெய்டி கைதட்டுகிற படம் அனுப்பினாள், அதற்குப் பதில் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அவனிடம் பேசு என்று உன்னைச் சொல்ல மாட்டேன், கிழிந்தது உன் பாஸ்போர்ட். ஆனால் நீ சொல்லியிருக்கவேண்டியதை நான் நடுத்தெருவில் நின்று சொன்னேன், இன்னொரு தடவை என்னால் ஆகாது.

மாதா உன்னைக் கண் போல் காக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே, பல்வலியைத் தள்ளிப் போடாதே. டுவான் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடு என்கிறான். இன்னும் மாற்றவில்லை.

உன் அம்மா
யோர்லாடிஸ்