கையெழுத்துப் போடாதீர்கள்

ஜூலை 13, 2024

ஜித்ராவிலிருந்து அம்மாவை, நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். இடுகாட்டு வேலியில் நோட்டீஸ். நிலம் கைமாறிவிட்டதாம். ஆகஸ்ட் 29-க்குள் தோட்ட ஆபீசில் பெயர் பதிந்தால், கல்லறையைத் தோண்டி எலும்பை டவுன் மயானத்துக்கு மாற்றித் தருவார்கள். பதியாததை அப்படியே புல்டோசர் வைத்துத் தள்ளிவிடுவார்கள்.

அப்பாவை அங்கே புதைத்துப் பன்னிரண்டு வருஷம். அம்மா உடனே பதிவுப் பாரம் வாங்கலாம் என்றாள். கையெழுத்துப் போட்டால் நாமே சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று தடுத்துவிட்டேன்.

ஜூலை 16

டிக்டாக்கில் வீடியோ போட்டேன். யாரும் பாரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று பேசினேன்.

ஜூலை 19

எழுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்! சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ‘விடாதீங்க அக்கா.’

ஆகஸ்ட் 3

இடுகாட்டில் கூட்டம். வருவதாக முந்நூறு பேர் போட்டிருந்தார்கள். வந்தது பதினொரு பேர். மழைதான் காரணம் என்று பதிவில் எழுதினேன். மழை அவ்வளவு இல்லை.

ஆகஸ்ட் 12

தோட்டத்தில் லாரி ஓட்டிய மணியம் அண்ணன், மனைவி கல்லறையைப் பதிந்துவிட்டாராம். விலைபோனவர் என்று பெயர் போட்டே எழுதினேன். ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். சாயங்காலம் போன் செய்தார்.

“சண்டை போடு ஷாமளா, வேணாங்கல. அப்பா பேரையும் பதிஞ்சி வெச்சிரு லா. ரெண்டும் செய்யலாம்.”

போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29

கடைசி நாள். அம்மா காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழைத்துப் போகவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கல்லறையில் கை வைக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 18

தள்ளிவிட்டார்கள்.

செப்டம்பர் 21

போய்ப் பார்த்தேன். வெறும் செம்மண். அப்பா எந்த இடம் என்றே தெரியவில்லை.

நாற்பத்தாறு குடும்பத்தில் பதிந்தது ஒன்பது. மீதிப் பேர் என் பேச்சைக் கேட்டவர்கள். நான் செய்தது போராட்டமா? ஆபீஸ் வாசலில் ஒருநாள் நின்றேனா? ஒரு வக்கீலைப் பார்த்தேனா? படுக்கையில் கிடந்து போனில் பேசினேன் — அவ்வளவுதான். பார்த்தவனுக்கு என்ன போச்சு, அடுத்த வீடியோவுக்குப் போயிட்டான். அப்பாவ நானே தொலச்சிட்டேன்.

அக்டோபர் 26

தீபாவளிக்கு முன் கல்லறையில் படையல் வைப்பது வழக்கம். அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். டவுன் மயானத்துக்கு வண்டியை விடு என்றாள். வண்டியை எடுத்தேன்.

மணியம் அண்ணன் மனைவியின் புதுக் கல்லறைக்கு முன்னால் இலை போட்டிருந்தார். குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாதான் பேசினாள்.

“தம்பி, ஒரு ஓரமா அவருக்கும் வச்சிக்கட்டுமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் இலையை நகர்த்தி இடம் விட்டார். இன்னொருவர் வீட்டுக் கல்லறையில் என் அப்பாவுக்குச் சூடம் ஏற்றினேன்.