கத்தரிப் பாத்தியில் விரால்

இஞ்சருங்கோ,

கத்தரிக்குக் கல்லடுக்கி உயர்த்தின பாத்திக்குச் செம்மண்ணும் மாட்டெருவும் போடுவம் எண்டு தலைபாடாய்ச் சொன்னனான். நீங்கள் கேளாமல் குளத்து மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினீங்கள். அண்டைக்குப் பிடிச்ச சண்டை, இன்னும் ரெண்டு பேரும் கதைக்கேல்லை.

இண்டைக்குக் காலமை பாத்திக்குத் தண்ணி ஊத்தினன். மண்ணுக்குள்ள இருந்து ஒரு விரால் துள்ளி என்ர காலில விழுந்தது! நான் குளறின குளறலில, பாம்பாக்கும் எண்டு பக்கத்து வீட்டுக் கமலாசனி அக்கா உலக்கையோட ஓடிவந்தா.

குழம்பு குசினியில மூடியிருக்கு. சோறு பானைக்குள்ள. நான் தங்கச்சி வீட்டை செம்மண் கேட்கப் போறன். உங்கட மண்ணில மீன்தான் விளையும்.

பிரியந்தினி

பி.கு.: விரால் தலையை உங்களுக்கெண்டுதான் வைச்சிருக்கிறன். ருசியெண்டால் வாயைத் திறந்து சொல்லுங்கோ.