நாலு ராக்கெட் மிச்சம்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு பல்செட் திரும்பி வந்தது. மேல்தாடை. போட்டுக்கொண்டு பேசினால் விசில் அடிக்கிறதாம், டாக்டர் போனில் சிரிக்கிறார். ஆளைப் பார்க்காமல் பல் செய்கிற பிழைப்பு என்னுடையது. வாயின் அச்சு மட்டும் லேபுக்கு வரும், வாய்க்குச் சொந்தக்காரர் வரமாட்டார். அந்த மனுஷன் எப்படிப் பேசுவான் என்று பிளாஸ்டரா எனக்குச் சொல்லும்? ராவிச் சரிசெய்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தைத் திறந்தேன். ஜன்னலோரம் திருத்தியிருக்கிறார்!

'இருட்டுத் துறைமுகம்' இருபது வருஷத்துப் பழைய சுடும் ஆட்டம். மழைக்கோட்டு போட்ட ஒருத்தன் ஆளில்லாத துறைமுகத்தில் நடந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் சுட்டு, கடைசியில் கப்பலேறுவான். முழு ஆட்டமும் நாம் அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகவேண்டும். ஆடியவர்கள் அபிப்பிராயம் எழுத ஒரு பக்கம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு அபிப்பிராயம்தான். பதில் போட இடமில்லை, தனியாகச் செய்தி அனுப்பவும் இடமில்லை. மனசு மாறினால் பழசை அழித்துவிட்டுப் புதுசு எழுதலாம், அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் இப்படி அழித்து அழித்துத்தான் பேசிக்கொள்கிறோம். அவர் 'ஜன்னலோரம்'. நான் 'பொக்கைவாய்'. ஒருமுறை அவரைத் 'தம்பி' என்று எழுதப்போய், "தம்பி இல்லை, நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை" என்று வந்தது. அன்றிலிருந்து அபிப்பிராயம் எழுத உட்காருமுன் தலை வாரிக்கொள்கிறேன்.

இன்று எழுதியிருப்பது: "பொக்கைவாய் அவர்களின் முழநீள அபிப்பிராயத்தைப் படித்தேன். ராக்கெட்டை மிச்சம் வைத்து ஆட்டத்தை முடிக்கிறவர்களுக்குத்தான் இத்தனை பேச்சு வரும். ஐந்தில் நான்கு."

உண்மைதான். ஆட்டம் முழுக்க நாலே நாலு ராக்கெட்தான் கிடைக்கும். 'பிறகு தேவைப்படும்' என்று பையில் வைத்துக்கொண்டு நாய்களை வெறும் பிஸ்டலால் சுட்டு, கடி வாங்கி, நொண்டிக்கொண்டே கப்பலேறுகிறவன் நான். எத்தனை முறை ஆடினாலும் நாலும் அப்படியே இருக்கும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணத்தையும் இப்படித்தான் பிறகுக்கு வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்து. இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். 'இத்தனை ஆண்டு ஆதரவுக்கு நன்றி.'

நன்றியை வைத்து நாக்கு வழிக்கவா?

மார்ச் 7, சனி

மூடப்போகிறார்கள் என்றதும் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வந்து எழுதுகிறார்கள். "கேமரா சுவரில் முட்டுகிறது, என் வாழ்க்கையைப் போல. ஐந்தில் ஐந்து." "மூன்றாம் கட்டத்து நாயை இன்னும் மன்னிக்கவில்லை." "என் மனைவி இந்த டிஸ்க்கை வெந்நீர்ப் பாத்திரத்துக்குத் தட்டாக வைத்தாள். ஆட்டத்துக்கு ஐந்து, மனைவிக்கு ஒன்று." இவர் இரண்டு நாள் கழித்துத் திருத்தி மனைவிக்கு நாலு போட்டிருக்கிறார். வீட்டில் யாரோ படித்திருக்கவேண்டும்.

வாக்குவாதமும் மறுபடி கிளம்பிவிட்டது. மழைக்கோட்டுக்காரனுக்கு முகம் இருக்கிறதா, இல்லையா? ஆட்டம் முழுக்க முதுகுதான். கண்ணாடி இருக்கிற அறையில்கூட ஆவி படிந்திருக்கும். முகமே செய்யாமல் விட்டுவிட்டார்கள், சோம்பேறிகள் என்பது என் கட்சி. ஜன்னலோரம் எதிர்க்கட்சி.

அக்கா சோபாவுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். அத்தான் போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள். "இவன் இன்னுமா வீடு போய்ச் சேரல? நான் வந்த நாளா நடந்துக்கிட்டே இருக்கான்" என்றாள். பிறகு, அந்தப் பொம்பளை ஏதாவது எழுதியிருக்காளா என்று கேட்டாள். எந்தப் பொம்பளை என்றேன். நீ தலை வாரிக்கிற பொம்பளை என்றாள்.

அவள் பல்செட் நான் செய்துகொடுத்தது. என் பல்லாலேயே என்னைக் கடிக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

ஜன்னலோரம் திருத்தம்: "மூன்றாம் கட்டம். சலவைக்கூடத்தின் மாடி. கொடியில் ஒரு குழந்தைச் சட்டை காயும். அதற்கு எதிரே ஜன்னல். அங்கே சுடாமல், நகராமல் நில்லுங்கள். சுடுகிற அவசரத்தில் யாரும் அங்கே நின்றதில்லை. பொக்கைவாய் அவர்களும்தான்."

இவர் எப்போதும் இப்படி. துப்பாக்கி, குண்டு, நாய் எதுவும் எழுதமாட்டார். எந்த அறையில் எந்த விளக்கு எரிகிறது, எந்த நாற்காலிக்குக் கால் உடைந்திருக்கிறது, இதுதான். 'கை நடுங்கும்போலிருக்கிறது, அதனால் வேடிக்கை பார்க்கிறார்' என்று நான் கேலி எழுதியதுண்டு.

நின்று பார்த்தேன். நாய் வந்து கடித்துத் தின்றது. மறுபடி நின்றேன். மறுபடி கடி. முதலில் நாயைச் சுட்டுவிட்டு நிற்கவேண்டுமோ என்னவோ. நாளைக்கு.

மார்ச் 13, வெள்ளி

முதலில் நாயைச் சுட்டுவிட்டு அந்தச் சலவைக்கூட ஜன்னலில் நின்றேன். எதிர்வீட்டு விளக்கு அணைந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழைக்கோட்டுக்காரன் முகம் தெரிந்தது. ஒரு மூச்சு நேரம். சாதாரண முகம், ஷேவ் பண்ணாத முகம். என்னைவிடக் களைத்திருந்தான்.

மார்ச் 15, ஞாயிறு

என் அபிப்பிராயத்தை அழித்துவிட்டு எழுதினேன்: "பார்த்தேன். தோற்றேன். இருபது வருஷம் இவன் முதுகிலேயே குடியிருந்தவனுக்கு இது தெரியவில்லை. ஜன்னலோரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?"

எழுதியபிறகு ஒரு யோசனை. முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு யாரை இப்படிக் கேட்பது? அவர் எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் அவருக்கு மூக்கடைக்கும் என்று தெரியும். டீயை ஆறவிட்டுக் குடிப்பார் என்று தெரியும். என் நகைச்சுவையில் பாதி அவருக்குப் பிடிக்காது என்று நன்றாகவே தெரியும். பெயர் தெரியாது.

எனக்கு என்ன கேடு? இத்தனை வயசில் ஒரு அபிப்பிராயத்துக்காகக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

பதில் வந்துவிட்டது. நினைவிருக்கும்போதே எழுதிவைக்கிறேன், நாளைக்கு அழித்தாலும் அழிப்பார்.

"எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் இந்த ஆட்டத்தில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. கன்ட்ரோலரைக் கையில் பிடித்ததே இல்லை. ஆடியவர் என் வீட்டுக்காரர். நான் பின்னால் உட்கார்ந்து பட்டாணி உரிப்பேன், துணி மடிப்பேன். என் எதிரே இரண்டு முதுகு: ஒன்று டிவியில், ஒன்று சோபாவில். ஒருநாள் அவர் போன் பேசப் போனபோது ஆட்டத்தை நிறுத்தாமல் போனார். மழைக்கோட்டுக்காரன் ஜன்னலோரம் தனியாக நின்றான். அப்போது பார்த்த முகம். அப்புறம் சோபாவில் இருந்த முதுகு வேறு வீட்டுக்குக் குடிபோனது. ஆட்டமும் அதோடு போனது. அறைகள் மட்டும் மனப்பாடம். ஐந்தில் நான்கு."

கை நடுங்கும்போலிருக்கிறது என்று எழுதினேனே, படுபாவி.

மார்ச் 20, வெள்ளி

லேபில் ஒரு செட்டில் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்தேன். டாக்டர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்றார். உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் தானாக வந்துவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நம்பரைக் கொடுடா. மிஞ்சிமிஞ்சிப் போனா கூப்பிடமாட்டா. இப்ப மட்டும் கூப்பிட்டுக்கிட்டா இருக்கா?"

பொதுப் பக்கத்தில் எப்படிக்கா நம்பரை எழுதறது, ஊரே பார்க்குமே என்றேன். ஊரு பார்க்காம நீ இதுவரைக்கும் என்ன கிழிச்சே என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று, வேலைக்கு மனு போட்ட மாதிரி. இன்னொன்று, காணவில்லை விளம்பரம். மூன்றாவதில் 'தங்கள்' என்ற சொல் ஏழு இடத்தில். நாலாவது கொஞ்சம் பரவாயில்லை, அதனாலேயே பயமாக இருந்தது. எதையும் போடவில்லை.

பிறகு பார்த்துக்கலாம்.

மார்ச் 26, வியாழன்

பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு அவர் எதுவும் திருத்தவில்லை. சொன்னதற்கு நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே, அதனாலா? அல்லது இனி திருத்தி என்ன ஆகப்போகிறது என்றா? மூன்று வருஷம் அழித்து அழித்து எழுதியதில், இந்த மாதம் டைரியில் குறித்த மூன்றைத் தவிர, ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. ராக்கெட்டைச் சேர்த்து வைக்கத் தெரிந்தது!

மார்ச் 29, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

"ஜன்னலோரம் அவர்களுக்கு. கையைப் பற்றி நான் செய்த கேலியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பக்கம் மூடுகிறது, எனக்கு இன்னும் பேசவேண்டும். ராக்கெட்டைச் சேர்த்து வைக்கிறவனின் முதல் ராக்கெட் இது." கீழே 'பல்செட் லேப்' என்று போட்டு லேபின் நம்பர். வீட்டு நம்பர் கொடுக்கத் தைரியம் இல்லை. பாதி வீரன்.

பொத்தானை அழுத்தியதும் குளிக்கப் போய்விட்டேன், தலைமறைவுக் குற்றவாளி மாதிரி.

மார்ச் 30, திங்கள்

ஊர்பேர் தெரியாத பயல்கள் எல்லாம் காலையிலிருந்து போன். "ராக்கெட் மாமா இருக்காரா?" "மாமா, அத்தை கூப்பிட்டாங்களா?" ஒருத்தன் குரலை மாற்றிக்கொண்டு தான்தான் ஜன்னலோரம் என்றான். மூக்கடைக்குமா என்று கேட்டேன், வைத்துவிட்டான். ஒருத்தன் மட்டும், "அவங்க பேசினா பக்கத்துல ஒரு வரி எழுதிடுங்க சார், நாங்க பத்துப் பேர் காத்திருக்கோம்" என்றான். அவனைத் திட்ட மனசு வரவில்லை.

டாக்டருக்கு மதியம்வரை லைன் கிடைக்கவில்லையாம். உங்க லேபுல என்ன, பல்லை இனாமா கொடுக்கறீங்களா என்றார்.

அவர் கூப்பிடவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கூப்பிடவில்லை.

ஏப்ரல் 1, புதன்

காலையில் பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளை. முட்டாள்கள் தினம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

ஏப்ரல் 4, சனி

இந்த டைரியில் இல்லாத அவருடைய பழைய எழுத்தை நினைவிலிருந்து திரும்ப எழுதப் பார்க்கிறேன். வரிகள் வரமாட்டேன் என்கின்றன. 'நாற்காலிக்குக் கால் உடைந்திருக்கும்' வருகிறது. 'டீ ஆறட்டும்' வருகிறது. மற்றபடி அவர் சொன்ன தினுசு மட்டும்தான். பிளாஸ்டர் அச்சு மாதிரி. வாய் இருக்கிறது, ஆள் இல்லை.

ஆட்டத்தைப் போட்டு, மழைக்கோட்டுக்காரனை அந்த ஜன்னலில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நானும் சும்மா உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது, முகம் வந்தது, போயிற்று. அக்கா ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது போன். பெண் குரல். பல்செட் செய்யற இடமா என்றார். ஆமாம், ஆனால் நேராகச் செய்யமாட்டோம், டாக்டர் மூலமாகத்தான் வரணும் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"எனக்குப் பல்லெல்லாம் இருக்குங்க. ஜன்னலைப் பத்திப் பேசணும்."

மெழுகு பொங்கி அடுப்பில் வழிந்தது. வழியட்டும்.

நம்பரை அன்றைக்கே குறித்துக்கொண்டாராம். நாளைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டாராம். "உங்க வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். குரல் நான் நினைத்ததைவிடக் கனம். நூலகத்தில் வேலை, இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். நான் அடித்த இரண்டு ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. அவரேதான், சந்தேகமில்லை.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற வசதி அந்த ஆட்டத்தில் உண்டு, ரெண்டாவது ஆளுக்கு மஞ்சள் மழைக்கோட்டு என்றேன். வீட்டில் அக்கா இருக்கிறாள் என்றும் சொன்னேன், மூன்று தடவை.

"வரேன். ஆனா நான் முதுகைப் பார்த்தே பழகினவ. முகம் பார்த்துப் பேசக் கொஞ்ச நாளாகும். பரவாயில்லையா?"

எனக்கும் லேபுக்கு வாயின் அச்சுதான் வரும், ஆள் வராது. நானும் புதுசுதான் என்றேன். அதற்குச் சிரித்தார்.

ஏப்ரல் 11, சனி

இரண்டாவது கன்ட்ரோலரைப் பரணிலிருந்து எடுத்தேன். ஆட்டம் வாங்கிய நாளில் சேர்த்து வாங்கியது. பிறகு யாராவது வருவார்கள் என்று உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன். நாலு ராக்கெட்டும் உள்ள என் பழைய ஆட்டத்தைத்தான் போட்டேன், பையில் என்னென்ன இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே முதல் ராக்கெட் கதவில். இரண்டாவது குப்பைத்தொட்டியில். மூன்றாவது என் மேல். 'மன்னிச்சுக்கோங்க' என்று திரும்பும்போது நாலாவதும் என் மேல்.

இருபது வருஷச் சேமிப்பு, டீ ஆறுவதற்குள் காலி. நாய் வந்தது. இரண்டு பேரும் செத்தோம். அடுத்த ஞாயிறு முதலிலிருந்து ஆடலாம் என்றார்.

பின்னால் அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "அந்த நாலு முதுகுல ஒண்ணாவது திரும்பி, இன்னொரு டீ வேணுமா வேண்டாமான்னு சொல்லுங்க" என்றாள்.

இரண்டு திரும்பின.