வெட்டாமல் விட்ட பற்றை

தண்ணீரூற்று
12.02.2024

அன்புள்ள தம்பி றிஃபாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் சுகம். நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

என் மகள் றிஸ்னாவின் நிக்காஹ் பெருநாளுக்குப் பிறகு. பெண்ணுக்கு வீடு கொடுப்பது நம் வழக்கம், உனக்குத் தெரியாததில்லை. வாப்பாவின் காணியில் அத்திவாரம் வெட்டப் போனோம். காவற்காரர்கள் மறித்தார்கள். "இது காபன் காடு அக்கா, கம்பு முறிச்சாலும் வழக்கு" என்றார்கள். எந்தக் கம்பனி என்று கேட்டால் உன் கம்பனியின் பெயரைச் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து வருடம் தவறாமல் அங்கே மரங்களுக்கடியில் மண்டுகிற முட்பற்றையை வெட்டி வந்தோம். காணிக்கு ஆள் இருக்கிறது என்று காட்டத்தான். பிறகு நீதான், "வெட்ட வேணாம் லாத்தா, மரம் நிண்டா நல்லது" என்றாய். படித்தவன் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன். மேலிடத்தில் சொல்லி அந்தக் காணியை விடுவித்துத் தா.

அன்புடன் லாத்தா,
றம்லா

கொழும்பு
03.03.2024

அன்புள்ள லாத்தா, வஅலைக்கும் ஸலாம்.

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம் காணியும் காடாகத்தான் தெரிகிறது. அந்த மரங்கள் உறிஞ்சும் காபன் புகைக்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று எங்கள் கம்பனிக்கு முப்பது வருடத்துக்கு விலை கொடுத்துவிட்டது. ஒரு துண்டைக் கழற்றினாலும் முழுத் திட்டமும் பிழை என்றாகும். எல்லை போட்டுக் கையெழுத்து வைத்தவன் நான். விலை இல்லாத காட்டை யாரும் விட்டுவைப்பதில்லை லாத்தா, அதை இப்போதும் நம்புகிறேன்.

றிஸ்னாவுக்கு எங்கள் நாற்றுமேடையில் வேலை எடுத்துத் தருகிறேன். மாப்பிள்ளை வீட்டாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

தம்பி றிஃபாத்

தண்ணீரூற்று
21.04.2024

றிஃபாத்துக்கு,

மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கவில்லை. வவுனியாவில் வீட்டோடு வேறு பெண் எடுத்துவிட்டார்கள். பெருநாளுக்குத் தைத்த உடுப்பை றிஸ்னா தொடவேயில்லை.

அந்தக் காடு எப்படி வந்தது என்று உன் கம்பனிக்குச் சொன்னாயா? தொண்ணூறில் இயக்கக்காரர்கள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் எங்களையும் துரத்தினார்கள். நீ கைக்குழந்தை, நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் நாங்கள் கிடந்த காலமெல்லாம் இங்கே வாப்பாவின் வீட்டுக்குள் மரம் வளர்ந்தது. அதைத்தான் நீ விற்றிருக்கிறாய். துரத்தினவர்கள் மேல்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

நாளைக்கு நானும் மகளும் கத்தியோடு போய்ப் பற்றை வெட்டப் போகிறோம். வழக்கு வரும், தெரியும். அந்தக் கம்பனியில் உனக்குச் சொந்தக்காரர் யாரும் உண்டா என்று நீதிமன்றத்தில் என்னைக் கேட்டால், இல்லை என்பேன். உன் உத்தியோகத்துக்கும் அதுதான் நல்லது.

றம்லா