வெள்ளி ஏறுகிறது, அப்பா சிரிக்கிறார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள். நாங்களும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் வயிறு எரிகிறது.

போன வருஷம் நீ போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அலமாரியில சும்மா கிடக்கிற வெள்ளி குட்டியா போடப்போகுது, வித்துட்டு வெள்ளிச் சுரங்கக் கம்பெனி ஷேர்ல போடலாம், வெள்ளி ஒரு பங்கு ஏறினா ஷேர் மூணு பங்கு ஏறும்னு சொன்னாய். தட்டு, டம்ளர், நீ பால் குடித்த கிண்ணம் எல்லாம் போயிற்று, கூடவே அப்பாவின் சேமிப்பும். இறங்கினால் எத்தனை பங்கு இறங்கும் என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது வெள்ளி ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அப்பா காலையில் பேப்பரில் வெள்ளி விலையைப் பார்த்து, ஏறிடுச்சுடி என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். ஷேருக்குத் தனியாக ஒரு விலை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. கணக்கு உன் பெயரில், பார்ப்பது நீ. மாடி வீட்டு பேங்க் கிளார்க்கிடம் கம்பெனி பெயரைச் சொன்னேன், போனில் தேடிக் காட்டினாள். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றுவிட்டதாம், கம்பெனிக்குக் கழுத்துவரை கடனாம், ஷேர் விலை நாம் வாங்கியதில் பாதிக்கும் கீழே போய்விட்டதாம். வெள்ளி வேற, வெள்ளி தோண்டுற கம்பெனி வேறக்கா என்றாள். இது உனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே, எல்லாம் நல்லா போகுதுப்பா என்று அவரிடம் எப்படிச் சொன்னாய்?

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷின் முன்னால் நின்று நின்றே முழங்கால் தேய்ந்த மனுஷன். மாதக் கடைசியில் வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஹாலில் புது சாய்வு நாற்காலி பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது, வேலையை விட்ட அன்றுதான் பிரிப்பாராம். நான் சொல்லிப் பார்த்தேன். உனக்கென்ன தெரியும், என் பையன் பார்த்துப்பான் என்று வாயை அடைத்துவிட்டார். அதனால் நீயே சொல். மெசேஜ் போட்டுத் தப்பிக்காதே, உன் வாயால் சொல். முதலாளி வேறு ஆளைப் போடுவதற்குள் சொல்.

என்ன கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே. அவர் வேலையில் இருக்கும்போது போன் செய்யாதே, கை பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா