உங்கள் உள்ளங்கையில் மூன்று தழும்புகள்

அண்ணாச்சி,

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிச் சூடம் காட்டும்போது, அந்த வாசனையில் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை. உங்கள் வலது உள்ளங்கைதான் வருகிறது. நேற்றும் வந்தது. என் வீட்டுக்காரி செல்வி தட்டைக் கொண்டுவந்தாள், நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் கார்த்திக் தட்டைப் பார்த்ததும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

இரண்டு நாளாகவே பையன் சரியில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். பொதுக் கழிப்பறைக்குப் போனாலும் கையில் போன். தாராவியில் ஒற்றை அறை வீட்டில் ஒருவன் பெருமூச்சு விட்டால் மற்ற இருவருக்கும் தெரிந்துவிடும். செல்வி என்னைப் பார்க்கிறாள், நான் செல்வியைப் பார்க்கிறேன். நீங்கள் இருந்தால் ஓடி வந்திருப்பேன். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். சந்தில் டிவியை வெளியே தூக்கி வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். பம்பாய்க்காரன் ஒரு சிக்ஸர் அடித்தான், சந்தே கத்தியது. நீங்கள் டிவியை விட்டுவிட்டுக் கார்த்திக்கையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“வே, உம்ம பையன் காசு பெட் கட்டி ஆடுதான்.”

“சும்மா இருங்க அண்ணாச்சி. அவன் மேட்ச் பாக்கான்.”

“ஊரே கத்துது. இவன் போனப் பாத்துட்டுல்லா சிரிக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுதான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பி.காம். படிக்கிற பிள்ளை, பீடிகூடப் பிடிக்காதவன். “ஒங்களுக்கு மட்கா காலத்துக் கண்ணு, எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்க” என்று சொல்லிவிட்டேன். வாலிப வயதில் நீங்கள் மட்கா சூதாட்டத்தில் நம்பர் பின்னால் அலைந்தது நம் ரயில்வே பட்டறைக்கே தெரிந்த கதை. இருபது வருஷம் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவன், அதை எடுத்து உங்கள் முகத்தில் எறிந்தேன். நீங்கள் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தீர்கள். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு தவணை பீஸ் கட்டவே இல்லையாம். போனைப் பிடுங்கிப் பார்த்தால் எல்லாம் கிரிக்கெட் பெட். நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். கோயில் வாசலில் நிறுத்தி, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தான். செல்வி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். தொல்லை தீர்ந்தது என்று ஒரு டம்ளர் பாயசத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் டம்ளரை வாங்கவில்லை. கையை விரித்துக் காட்டினீர்கள். நடுவில் மூன்று வட்டத் தழும்புகள்.

“மூணு தடவ அணைச்சவன்வே நான். நம்பணுமேன்னு அழுத்திப் பிடிச்சேன். மூணு தடவயும் நெசமாத்தான் பண்ணுனேன். அந்தப் புண்ணு ஆறுமுன்ன அடுத்த சீட்டு எழுதியாச்சு. முந்தியெல்லாம் தோத்துட்டு வந்தா பொண்டாட்டிட்ட சொல்லி அழுவேன். சத்தியம் பண்ணுன பொறவு அதையும் சொல்ல முடியாமப் போச்சு. நீரு அவன் ஆட்டத்த நிப்பாட்டல, அவன் வாயத்தான் அடச்சிருக்கீரு.”

நான் நம்பவில்லை. ஆறு வாரம் கழித்து நீங்களே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். “சாப்டியாலே?” என்று கேட்டீர்கள். பிறகு, “கடசியா எப்ப ஆடுன?” என்றீர்கள். “நேத்து” என்றான். சத்தியம் செய்த மறுவாரமே தொடங்கி, ஆறு வாரமாக எங்களிடம் மறைத்திருக்கிறான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்ட நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போனீர்கள். பேர் பதிகிற கேஸ் பேப்பர் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். “காய்ச்சல்னா இப்படியா நிப்பீரு?” என்று கைக்குட்டையைப் பிடுங்கினீர்கள். உள்ளே அந்த மராட்டிப் பெண் டாக்டர் கார்த்திக்கைக் கேட்கும் முன்பே நீங்கள் முந்திக்கொண்டு, “மேடம், மேரா பீ லிக்கோ” என்றீர்கள், என் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று. ஆட்டத்தை விட்டு முப்பது வருஷம் ஆகியும் பஸ் நம்பரைப் பார்த்தால் கை அரிக்கிறது என்று உங்கள் ஓட்டை ஹிந்தியில் சொன்னீர்கள். பல மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை சிரித்தான்.

சத்தியம் எதுவும் வாங்காதீர்கள் என்றார் டாக்டர். இது ஒரு நோய், இடையில் ஒரு தடவை சறுக்கலாம், சறுக்கினால் வந்து சொல்கிற மாதிரி வீட்டை வைத்திருங்கள் என்றார். அவன் ஏடிஎம் கார்டு செல்வி கைக்குப் போனது. இதே தொல்லையில் இருப்பவர்கள் கூடிப் பேசுகிற செம்பூர்க் கூட்டத்துக்கு, சனிக்கிழமைதோறும் அவனோடு நீங்களும் போய் உட்கார்ந்தீர்கள். நீங்கள் போன பிறகும் அவன் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. பதினோரு மாதம் ஆட்டம் இல்லாமல் ஓடியது.

நேற்றுச் சூடம் அணைந்து, செல்வி அடுப்படிக்குத் திரும்பிய பிறகு, அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அப்பா, புதன்கெழம ஆடிட்டேன். பிரெண்டு போன்ல. ஒரே ஓவர்தான்னு நெனச்சேன். கன்ட்ரோல் நஹி ஹுவா, அடக்க முடியலப்பா.”

அண்ணாச்சி, என் வாய் வரைக்கும் வந்ததெல்லாம் உங்களிடம் சொல்ல முடியாது. சூடப் பொட்டலம் எட்டும் தூரத்தில் இருந்தது. என் கை அங்கேதான் போகப் பார்த்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உங்கள் கேள்விதான் இருந்தது.

“சாப்டியாலே?”

அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. செம்பூருக்கு நானும் கூடப் போகிறேன், அவன் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான். பதினோரு மாதம் போயிற்றே என்று இருக்கிறது. அடுத்த தடவை சொல்வானா, மறைப்பானா என்று இருக்கிறது. இந்தப் பயம் இனி என்னை விடாது என்றே நினைக்கிறேன். ஆனால் காலையிலிருந்து ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சூடம் அணைத்தவன் ஆறு வாரம் மறைத்தான், அதுவும் நீங்கள் கேட்டுத்தான் வெளியே வந்தது. இந்தத் தடவை புதன்கிழமை ஆடியவன், வெள்ளிக்கிழமை தானாக வந்து சொல்லிவிட்டான்.